பந்து நிற்கிறது, மனம் ஓடுகிறது



கோல்ப் என்னும் குழிப்பந்தாட்டத்தின் வரலாற்றிலிருந்து ஒரு பகுதியை இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இதைக் கேட்டதும், "அது துரைமார் ஆட்டமாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1893 ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் சங்கம் தோன்றியபோது அது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. அப்படிப்பட்ட திடல்களுக்குப் புல் வெட்டவும் பை தூக்கவும் போனவர்கள் நம்மில் உண்டு. ஆடப் போனவர்கள் அரிது.

ஆனாலும் அந்தப் பந்துக்கும் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. பழைய காலத்தில் ஸ்காட்லாந்து மக்கள் தோல் உறைக்குள் பறவை இறகைத் திணித்துப் பந்து செய்தார்கள். 1848 ஆம் ஆண்டு வாக்கில் 'கட்டாப் பெர்ச்சா' பந்து வந்தது. மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் உறைந்து கிடைப்பதுதான் கட்டாப் பெர்ச்சா. பிறகு 1898 இல் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் அடித்ததெல்லாம் ரப்பர் நூல் சுற்றிய பந்துகளைத்தான். அந்தக் காலத்தில் உலக ரப்பரில் பெரும்பங்கு மலாயாவில் விளைந்தது. ஆகவே நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் வெட்டிய பாலில் ஒரு துளி அந்தப் பந்துகளுக்குள் இருந்திருக்கலாம்.

பந்தின் கதை அவ்வளவு போதும். இன்று நாம் பேசவேண்டியது பந்தை அடிப்பவனின் மனத்தைப் பற்றி.

மற்ற ஆட்டங்களில் பந்து நம்மை நோக்கி வருகிறது. பூப்பந்தாட்டத்தில் எதிரி அடித்த இறகுப்பந்தைத் திருப்பி அடிக்க ஒரு கணம்தான் கிடைக்கும், யோசிக்க நேரமில்லை. குழிப்பந்தாட்டம் வேறு. பந்து புல்லின்மேல் அசையாமல் கிடக்கிறது. யாரும் அவசரப்படுத்துவதில்லை. ஓர் ஆட்டம் முடிய நாலு மணி நேரம்கூட ஆகும். மட்டையை ஓங்கி வீசும் செயலோ இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் நடை, காத்திருப்பு, நினைப்பு.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. பந்தின் முன் நின்றதும் மனம் பேச ஆரம்பிக்கிறது. "தலையை ஆட்டாதே. இடது கையை நேராக வை. இடுப்பைத் திருப்பு. போன தடவை தண்ணீரில் அடித்தாயே, இந்தத் தடவை அப்படிச் செய்யாதே." இப்படி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை 'வீச்சு நினைவுகள்' என்று நாம் சொல்லலாம். ஒவ்வொன்றும் நல்ல அறிவுரைதான். ஆனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த வேலைக்காரனுக்குக் கை ஓடும்? மட்டை கோணலாகப் போகிறது. பந்து காட்டுக்குள் விழுகிறது.

பேசும் இந்த மனத்தை எப்படி அடக்குவது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் பாபி ஜோன்ஸ். 1902 ஆம் ஆண்டு மார்ச் 17 ஆம் நாள் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பிறந்தவர்.

சிறு வயதில் ஜோன்ஸ் நோஞ்சான் பிள்ளை. ஐந்து வயது வரை கெட்டியான உணவே வயிற்றில் தங்கவில்லையாம். காற்றோட்டமான இடத்தில் வளரட்டும் என்று பெற்றோர் நகருக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்னும் கோல்ப் திடலின் அருகில் குடியேறினார்கள். அங்கே ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சியாளராக இருந்தார். அவர் அதிகம் பேசாதவர். சிறுவன் அவர் பின்னாலேயே சுற்றினான். அவர் அடிப்பதைப் பார்த்தான். வீட்டருகே வந்து அப்படியே செய்து பார்த்தான். தாய் கோலம் போடுவதைப் பார்த்து மகள் கற்றுக்கொள்வதுபோலத்தான் ஜோன்ஸ் ஆட்டம் கற்றார். சொல் வழியாக வராமல் கண் வழியாகக் கைக்கு வந்த கல்வி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கை தேர்ந்துவிட்டது; மனம் தேரவில்லை. 1916 இல், பதினான்கு வயதில், அமெரிக்க அமெச்சூர் போட்டிக்காக மெரியன் என்னும் திடலுக்கு அவர் போனார். முதல் சுற்றில் ஈபன் பையர்ஸ் என்பவரோடு ஆட்டம். இருவருக்குமே மூக்கின்மேல் கோபம். அடி தவறும்போதெல்லாம் மட்டையைத் தூக்கி எறிந்தார்கள். எதிரியிடம் எறிவதற்கு மட்டைகள் முதலில் தீர்ந்துபோனதால்தான் தாம் வென்றதாக ஜோன்ஸ் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வாராம்.

1920 இல் நடந்த அமெரிக்கப் பொதுப் போட்டியில் அவர் ஹேரி வார்டனோடு சேர்ந்து ஆடினார். வார்டன் பிரிட்டிஷ் பொதுப் போட்டியை ஆறு முறை வென்ற மேதை. அப்போது வயது ஐம்பது. ஜோன்சுக்குப் பதினெட்டு. ஏழாவது குழியில் ஜோன்ஸ் மிக எளிய ஓர் அடியைக் கெடுத்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதுவரை பேசாமலே நடந்துவந்த பெரியவரிடம், "இதைவிட மோசமான அடியை நீங்கள் பார்த்ததுண்டா?" என்று கேட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார் போலும். வார்டன் சொன்ன பதில் ஒரே சொல்: "இல்லை." அதோடு சரி, நடந்துகொண்டே இருந்தார். அந்தப் பெரியவரின் மௌனத்தில் இளைஞருக்கு ஒரு பாடம் இருந்தது. ஆனால் அதைக் கற்றுக்கொள்ள இன்னும் சில அடிகள் பட வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 1921 இல், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிரிட்டிஷ் பொதுப் போட்டி. அந்த ஆட்டத்திற்கே தாய்வீடு போன்ற ஊர் அது. மூன்றாவது சுற்றில் முதல் ஒன்பது குழிகளுக்கு 46 அடிகள் ஆயின. பத்தாவது குழியில் 6 அடிகள். பதினோராவது குழியில் பந்து மணற்குழிக்குள் போய்விட்டது. ஜோன்ஸ் பொறுமை இழந்தார். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியிலிருந்தே விலகினார். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டு நடந்த அந்தச் செயலை எண்ணி அவர் பின்னாளில் மிகவும் வருந்தினார். அதே ஆண்டு அமெரிக்காவில் நடந்த இன்னொரு போட்டியில் அவர் கோபத்தில் எறிந்த மட்டை, பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலில் பட்டது. இனி இப்படி நடந்தால் ஆடவே விடமாட்டோம் என்று போட்டி நடத்தும் சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஜோன்சுக்கு இருந்த புத்தி கொஞ்சமல்ல; பொறியியல் படித்தவர், பிறகு இலக்கியமும் சட்டமும் படித்தவர். ஆனால் ஆத்திரம் வரும் நேரத்தில் அந்தப் படிப்பு எதுவும் கை கொடுக்கவில்லை.

மாற்றம் எப்படி வந்தது? ஒரே நாளில் வரவில்லை. பதினோரு வயதில், 1913 இல், ஈஸ்ட் லேக்கில் வார்டன் ஆடியதை அவர் பார்த்திருந்தார். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று, நான்கு அல்லது ஐந்து. அதைப் 'பார்' என்பார்கள். வார்டன் எதிரியைப் பார்க்காமல் அந்தக் கணக்கோடு மட்டுமே ஆடியதுபோல் சிறுவனுக்குத் தோன்றியிருந்தது. வளர்ந்த ஜோன்ஸ் அதைத் திரும்ப நினைத்தார். 'பார்' என்பவர் ஒரு கிழவர், அவரோடு மட்டும்தான் எனக்கு ஆட்டம் என்று கற்பனை செய்துகொண்டார். அந்தக் கிழவர் அதிசயமாக அடிப்பதும் இல்லை, தவறுவதும் இல்லை. எதிரி என்ன செய்கிறான், கூட்டம் என்ன சொல்கிறது, பரிசு யாருக்கு என்ற நூறு நினைவுகளுக்குப் பதிலாக மனத்துக்கு ஒரே ஒரு துணை கிடைத்தது.

1923 இல் பலன் தெரிந்தது. நியூயார்க் அருகே இன்வுட் திடலில் அமெரிக்கப் பொதுப் போட்டி. கடைசிக் குழிகளில் தடுமாறி, கையில் இருந்த வெற்றியை நழுவவிட்டு, மறுநாள் பாபி குரூக்‌ஷாங்க் என்பவரோடு அவர் மீண்டும் ஆடவேண்டியதாயிற்று. பதினேழு குழிகள் முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியில் எதிரியின் முதல் அடி சரியில்லை. தண்ணீருக்கு முன்னாலேயே பந்தை நிறுத்திக்கொண்டார். ஜோன்சின் பந்து கரடான தரையில் கிடந்தது. முன்னால் தண்ணீர், தூரம் ஏறக்குறைய 190 கஜம். தண்ணீரைத் தாண்ட முயல்வதா, பத்திரமாக அடிப்பதா? பழைய ஜோன்சாக இருந்தால் மனம் ஆயிரம் பேசியிருக்கும். அன்று அவர் தயங்கவில்லை. மட்டையை எடுத்தார், அடித்தார். பந்து தண்ணீரைத் தாண்டிக் குழியிலிருந்து சில அடி தூரத்தில் நின்றது. அதுதான் அவருடைய முதல் பெரிய வெற்றி.

அதையும் சேர்த்து 1930 வரை அவர் வென்ற பெரும் போட்டிகள் மொத்தம் 13. 1927 இல் அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் வென்றபோது கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. வென்ற கோப்பையை அந்த ஊரிலேயே வைத்திருக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். 1930 இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்நாளின் நான்கு பெரும் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். நான்காவது வெற்றி, சிறுவனாக மட்டையை எறிந்த அதே மெரியனில்! அப்போது வயது 28. பணத்துக்காக ஆடாதவர், வழக்கறிஞர் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்.

நேயர்களே, இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மனம் அடங்கிவிட்டது என்றால் பயம் போய்விட்டது என்று பொருளாகாது. பெரிய போட்டி நடக்கும் வாரத்தில் ஜோன்சுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரே போட்டியில் பன்னிரண்டு ராத்தலுக்கு மேல் உடல் எடை குறைந்ததும் உண்டு. பயம் கூடவே இருந்தது. மட்டை அதன் பேச்சைக் கேட்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

1925 இல் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பொதுப் போட்டியில் அவர் அடிக்கத் தயாரானபோது பந்து இலேசாக அசைந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. அதிகாரிகள் வேண்டாமென்றும் ஜோன்ஸ் தமக்குத்தாமே ஓர் அடி தண்டனை போட்டுக்கொண்டார். கடைசியில் கணக்கு சமமாகி, மறு ஆட்டத்தில் ஒரே அடியில் தோற்றார். அந்த ஓர் அடியைச் சொல்லாமல் விட்டிருந்தால் வெற்றி அவருடையதாக இருந்திருக்கும். நேர்மையைப் பலர் புகழ்ந்தபோது, வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக யாராவது ஒருவனைப் புகழ்வார்களா என்ற பொருளில் பதில் சொன்னார். மறைக்க ஒன்றும் இல்லாத மனத்துக்கு அடங்குவது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மனத்தை "சும்மா இரு" என்று அதட்டினால் அடங்காதா? அடங்காது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். மருந்தைக் கொடுத்த வைத்தியர், "குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைக்காதே" என்றாராம். அதற்குப் பிறகு அந்த நோயாளிக்குக் குரங்கைத் தவிர வேறு நினைவே வரவில்லை! இதையே 1998 இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய துணைவர்களும் குழிப்பந்தை வைத்துச் சோதித்தார்கள். "குழியைத் தாண்டி அடித்துவிடாதே" என்று சிலரிடம் சொன்னார்கள். கூடவே ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிச் சுமையையும் ஏற்றினார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள்தான் பந்தைக் குழிக்கு அப்பால் போகவிட்டார்கள். நூலகத்தில் தேடிய விடை நம் பாட்டியின் கதையில் இருந்தது.

விலக்கினால் போகாத நினைவுக்கு வேறொரு வழி, மனத்துக்குச் சின்ன வேலை ஒன்றைக் கொடுப்பது. திமொதி கால்வே என்னும் அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1974 இல் டென்னிஸ் பற்றியும், 1981 இல் கோல்ப் பற்றியும் நூல்கள் எழுதினார். மனிதனுக்குள் இரண்டு பேர் இருப்பதாக அவர் சொன்னார்: ஒருவர் ஓயாமல் கட்டளை போடுபவர், மற்றவர் பேசாமல் வேலை செய்பவர். பேசுபவருக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். மட்டை மேலே போய் நிற்கும்போது "பின்" என்றும், பந்தைத் தொடும்போது "அடி" என்றும், வீச்சு முடியும்போது "நில்" என்றும் பொருள்படும் மூன்று சொற்களைச் சொல்லிக்கொண்டே அடிக்கச் சொன்னார். சரியான கணத்தில் சரியான சொல்லைச் சொல்வதிலேயே மனம் ஈடுபட்டுவிடுகிறது. அழுகிற பிள்ளைக்குக் கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல!

இந்த வரலாற்றில் தமிழ் மண்ணும் ஓர் ஓரத்தில் வருகிறது. 1956 இல் மைக்கேல் மர்பி என்னும் அமெரிக்க இளைஞர் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குத் தியானம் பயிலப் புறப்பட்டார். வழியில் செயின்ட் ஆண்ட்ரூஸில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டு வந்தார். தியானத்தையும் கோல்பையும் சேர்த்து 1972 இல் அவர் எழுதிய நாவலை அந்த ஆட்டக்காரர்கள் பலர் இன்றும் படிக்கிறார்கள்.

கண்ணால் கற்ற கல்வியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 1992 இல் ரிச் மாஸ்டர்ஸ் என்னும் ஆய்வாளர் பிரிட்டனில் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்டம் தெரியாதவர்களை நானூறு தடவை பந்தைக் குழியில் தள்ளிப் பழகச் செய்தார். ஒரு சாராருக்கு முறைகளையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். இன்னொரு சாராருக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே பழகச் செய்தார். பிறகு பணம் குறையும், நிபுணர் பார்க்கிறார் என்று நெருக்கடி உண்டாக்கினார். நெருக்கடியில் தடுமாறியவர்கள் விதிகளை மனப்பாடமாக அறிந்தவர்களே. மற்றவர்களுக்கு ஆட்டம் கெடவில்லை. தடுமாறும் நேரத்தில் பிடித்துக்கொள்ள அவர்களிடம் விதிகளே இல்லை! 1999 இல் காப்ரியேல் வுல்ப் என்னும் அம்மையாரும் துணைவர்களும் நடத்திய இன்னொரு சோதனையில், தன் கையைக் கவனித்தவர்களைவிட மட்டை வீசுவதைக் கவனித்தவர்கள் குறி தவறாமல் அடித்தார்கள்.

இதைத் தோட்டத்தில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்கில் பால் வெட்டிய ஒரு தாயைக் கேட்டுப் பாருங்கள். பட்டையைச் சீவவேண்டும், உள்ளிருக்கும் மரத்தைத் தொடக்கூடாது. அந்த மெல்லிய அளவு அவருடைய கைக்குத் தெரியும். வாயால் சொல்லத் தெரியாது. கத்தி போகும் கோட்டில்தான் அவர் கண் இருக்கும். புதிதாக வந்த பெண்ணின் பின்னால் மண்டோர் வந்து நின்றால் என்ன ஆகும்? அவள் தன் விரலைப் பார்ப்பாள், மணிக்கட்டைப் பார்ப்பாள், "காயம் பட்டுவிடக்கூடாது, பட்டுவிடக்கூடாது" என்று நினைப்பாள். மரம் காயப்பட்டுவிடும். குரங்கும் மருந்தும்தான்!

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் யோசிக்காமலே எல்லாம் வந்துவிடுமா?" என்று பிள்ளைகள் கேட்கக்கூடாது. பழகாத கைக்கு யோசனை வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சியான் பெய்லாக் என்பவர் நடத்திய சோதனைகளில், தேர்ந்தவர்களுக்குத்தான் அதிக யோசனை கேடு செய்தது. புதியவர்களுக்குக் கவனம் உதவியது. ஜோன்ஸும் முதலில் ஆயிரமாயிரம் முறை அடித்துப் பழகினார். பிறகுதான் கையை நம்பினார். எஸ்.பி.எம். தேர்வுக்குப் போகும் பிள்ளை வீட்டில் நன்றாக யோசிக்கட்டும், தவறட்டும், திருத்திக்கொள்ளட்டும். தேர்வு மண்டபத்தில் "தோற்றுவிட்டால் அப்பா என்ன சொல்வார்" என்பதை விட்டு, முன்னால் இருக்கும் ஒரு கேள்வியை மட்டும் பார்க்கட்டும். பெற்றோரான நாமும் வாசலில் நின்று, "போன தடவை மாதிரி செய்துவிடாதே" என்று சொல்லி அனுப்பாமல் இருப்போமாக. பதறாத காரியம் சிதறாது.

ஜோன்சின் கதையை முடித்துவிடுகிறேன். 1948 இல் அவர் கடைசியாக ஆடினார். முதுகுத்தண்டில் வந்த ஒரு நோய் அவருடைய கையையும் காலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டது. உலகமே வியந்த அந்தக் கைகளால் பேனாவைப் பிடிப்பதும் கடினமாயிற்று. மட்டையை எறிந்த அந்தச் சிறுவனுக்கு ஆத்திரப்பட இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? ஆனால் அவர் யாரிடமும் புலம்பவில்லை என்றே பழகியவர்கள் சொன்னார்கள். 1958 இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரைத் தன் குடிமகனாக ஏற்றுக் கௌரவித்தது. அதற்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒருவரே. இந்த ஊரில் கிடைத்ததைத் தவிர வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டாலும் நான் நிறைவாக வாழ்ந்தவனே என்னும் கருத்தில் அன்று அவர் பேசினார். ஆத்திரத்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு விலகிய அதே ஊர்!

1971 டிசம்பரில் ஜோன்ஸ் காலமானார். மறு ஆண்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலின் பத்தாவது குழிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். 1921 இல் ஆறு அடி அடித்துத் தடுமாறிய அதே பத்தாவது குழி. ஒரு மனிதன் எங்கே தடுமாறினான் என்பதோடு அவன் கதை முடிந்துவிடுவதில்லை, நேயர்களே. திரும்பி வந்து எப்படி நின்றான் என்பதையும் உலகம் பார்க்கிறது.

அடுத்த முறை ஒரு முக்கியமான காரியத்தின் முன் உங்கள் மனம் ஓயாமல் பேசினால் அதை அதட்டாதீர்கள். ஒரு சின்ன வேலையை அதன் கையில் கொடுத்துவிட்டு, பழகிய உங்கள் கையை நம்புங்கள்.